மாரிக்கனிக்கு வலிப்பு கிடையாது

மாரிக்கனி,

நீ விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தேன். வந்தவள் உன்னைத் தூக்கவில்லை. மோட்டாரைத் தூக்கினேன்.

குழாய்ப் பள்ளத்தில் நீ ஒருக்களித்துக் கிடந்தாய். உன் குடம் உருண்டுபோய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது. அத்தை சுவரில் இருந்த வயரைப் பிடுங்கிவிட்டு என்னைப் பார்த்து, "மோட்டார எட்து உள்ள வைடி, மொதல்ல" என்றாள். வைத்தேன். காலி அரிசி டிரம்முக்குள் இறக்கி, மேலே பழைய புடவையைப் போட்டு மூடி, கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மோட்டார் சூடாக இருந்தது. அந்தச் சூடு இன்னும் கையில் இருக்கிறது.

போன வாரம் இந்தப் பத்திரிகையில், மஞ்சள் காமாலையில் நான் படுத்த கதையை எழுதியிருந்தேன். பாக்கியை இந்த வாரம் சொல்வதாக இருந்தது. அது கிடக்கட்டும். நடுவில் ஒரு போன் வந்தது. மாரிக்கனியின் தங்கைக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றுபோய்விட்டது. நின்றதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு பொய். அதனால் இந்த வாரம் அந்தப் பொய்யைத்தான் எழுதியாக வேண்டும்.

நான் எட்டாவதோடு நின்றவள். என் பிழைகளை இங்கே இருப்பவர்கள் திருத்திப் போடுகிறார்கள். இந்த வாரம் பிழையை மட்டும் திருத்துங்கள், வேறு எதையும் மாற்றாதீர்கள் என்று கேட்டிருக்கிறேன்.

மூன்று குடம்

ஒரகடத்தில் இருந்து வல்லம் வடகால் போகிற வழியில் உள்ளே திரும்பினால் எங்கள் தெரு. அத்தை என் அப்பாவின் அக்கா. கம்பெனிகள் வந்தபோது நிலத்தைக் கொடுத்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு லைன் வீடு கட்டினார்கள். அத்தையும் கட்டினாள். ரயில் பெட்டி மாதிரி எட்டு ரூம். ரூமுக்கு நாலைந்து பேர், எல்லாம் தெற்கத்திப் பெண்கள். நான் அத்தையோடு முன் ரூமில் இருந்துகொண்டு, ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்டில் பேக்கிங் வேலைக்குப் போனேன்.

மாரிக்கனி மூன்றாம் ரூம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். என் கம்பெனிதான், என் ஷிப்ட்தான். ஆனால் அவள் இன்ஸ்பெக்ஷன். விளக்குக்குக் கீழே பார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகத் தள்ளுகிற வேலை.

போர்வெல் தண்ணீர் உப்பு. துவைக்கக்கூட லாயக்கில்லை. குடிப்பதற்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் பஞ்சாயத்துக் குழாயில் வருகிற தண்ணீர்தான். வரும் என்று பேர். சொட்டும். அந்தப் பக்கம் செம்பரம்பாக்கத்தில் கடல் மாதிரித் தண்ணீர் நிற்கிறது, அது மெட்ராஸ்காரர்களுக்கு. எங்களுக்குச் சொட்டு.

அதனால் யாரோ ஒருத்தர் வீட்டில் மோட்டார் வைத்துப் பஞ்சாயத்து பைப்பில் இருந்தே நேராக உறிஞ்சினார்கள். அடுத்த வீட்டுக்குச் சொட்டும் நின்றது. அவர்களும் மோட்டார் வாங்கினார்கள். கொஞ்ச நாளில் தெருவே உறிஞ்சியது. உறிஞ்சுவது போதவில்லை என்று குழாயைப் பள்ளம் தோண்டிக் கீழே இறக்கினோம். பள்ளத்துக்குப் பக்கத்தில் சாக்கடை. பைப்பில் எங்கேயோ விரிசல். மோட்டாருக்கு நல்லது கெட்டது தெரியுமா? எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தது.

எங்கள் வீட்டில் கணக்கு இதுதான். முதல் குடம் கறுப்பு, அதை வாசலில் ஊற்ற வேண்டும். இரண்டாவது டீ நிறம், அது பாத்திரத்துக்கு. மூன்றாவது குடம் குடிப்பதற்கு. அந்த மூன்றாவது குடத்தைக் குடித்துத்தான் எனக்குக் காமாலை வந்தது. "கொதிக்க வச்சா அல்லாம் செத்துப்பூடும்" என்பாள் அத்தை. அவள் மட்டும் கேன் தண்ணீர் குடித்தாள்.

ஒரு நாள் மாரிக்கனி கம்பெனியில் இருந்து கொண்டுவந்த சிவப்பு ஸ்டிக்கரை அந்த மூன்றாவது குடத்தில் ஒட்டிவிட்டாள்.

"இன்னாடி இது, கொடத்துக்கு பொட்டு?" என்றாள் அத்தை.

"ரிஜெக்ட் அத்தை. இது பாஸ் ஆவாது."

"தண்ணிக்கு ரிஜெக்டா? ஏன், உங்க ஊர்ல இன்னா ஆறா ஓடுது?"

"எங்கூர்ல தண்ணியே கிடையாது அத்தை. இல்லாத தண்ணில சாக்கடை கலக்காதுல்லா?"

எட்டு ரூமும் சிரித்தது. அத்தை ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்தாள், வரவில்லை. கம்பெனி ஸ்டிக்கர், அப்படியெல்லாம் வராது. குடத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கீரை

குடிநீர் பைப்பில் மோட்டார் வைக்கக் கூடாது. வைத்தால் பிடுங்கிக்கொண்டு போவார்கள். எப்போதாவது ஜீப்பில் வந்து பார்ப்பார்கள். அவர்கள் வருவது தெரிந்தால் தெருமுனை வீட்டில் இருந்து ஒரு குரல் கிளம்பும்: "கீரேய்!"

எங்கள் தெருவில் கீரை விற்கிறவர்கள் யாரும் இல்லை. ஆனால் அந்தக் குரல் கேட்டதும் அடுத்த வீட்டுக்காரி கத்துவாள், அதற்கடுத்தவள் கத்துவாள். மூச்சு விட்டு மூச்சு வாங்குவதற்குள் மோட்டார் எல்லாம் அரிசி டிரம்முக்குள், கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஒரு வீட்டில் தூளியில் போட்டுத் தாலாட்டினார்கள். பொய் இல்லை, நான் பார்த்தேன்.

வருகிறவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். ஈரமான பள்ளத்தையும், வெட்டி வைத்த ஓஸ் பைப்பையும், சுவரில் தொங்குகிற வயரையும் பார்ப்பார்கள். "மோட்டார் கீதாம்மா?" "இல்ல சார்." "சரி." கேன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் குடத்தில் இருந்து ஒரு வாய் குடித்தவர் ஒருத்தரும் இல்லை.

இப்படிச் சட்டென்று கழற்ற வேண்டும் என்பதற்காகவே எங்கள் மோட்டார் வயருக்கு பிளக் கிடையாது. வயரின் நுனியைச் சீவி, சுவர் ஓட்டைக்குள் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்குவோம். இழுத்தால் வந்துவிட வேண்டும். அத்தைக்கு அதில் பெருமை வேறு.

ஷூ

தண்ணீர் பிடிக்கும்போது குழாயில் கை வைத்தால் ஜிவ்வென்று இழுக்கும். முதலில் பயந்தோம். பிறகு பழகிவிட்டது. "லேசாத்தான்டி கீது, மூட்டு வலிக்கு நல்லது" என்று அத்தை சொல்வாள். ஒரு தடவை எலக்ட்ரீஷியன் சேகர் அண்ணன் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"அக்கா, குழாய்லயே கரண்ட் ஓடுது. பள்ளம் எடுத்து எர்த் குடுக்கணும். யாராவது போய்ச் சேந்துடப் போறாங்க."

"எர்த்துக்கு பைப்பு பொதைச்சா, வர்றவன் இது எதுக்குன்னு கேக்க மாட்டானா? இல்லாத மோட்டாருக்கு எர்த்து எதுக்குப்பா?"

அதோடு முடிந்தது.

வேலையை விட்டுப் போன ஒரு பெண் தன் அண்ணனுடைய சேஃப்டி ஷூவை ரூமில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். கறுப்பு, ஆம்பளை சைஸ். அதைப் போட்டுக்கொண்டு குழாயைத் தொட்டால் இழுக்கவில்லை என்று கண்டுபிடித்தது ஐந்தாம் ரூம் பெண்கள். அன்றில் இருந்து அந்த ஷூ குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. முப்பது பெண்களுக்கும் ஒரே ஜோடி. நைட்டியும் பெரிய ஷூவுமாக, வாத்து மாதிரி நடந்துபோய்த் தண்ணீர் பிடிப்போம். புதிதாக வருகிறவளுக்கு பாத்ரூம் எங்கே என்று காட்டும்போதே ஷூ எங்கே என்றும் காட்டிவிடுவோம்.

யோசித்துப் பாருங்கள். முப்பது பேர். எல்லாரும் மெஷின் பார்க்கிறவர்கள். ஒருத்திக்கும் அந்த மோட்டாரை நிறுத்தலாம் என்று தோன்றவில்லை. ஷூ போடலாம் என்றுதான் தோன்றியது.

கம்பெனியில் நாங்கள் பத்திரமாக இருந்தோம்

கம்பெனியில் எங்களை யாரும் சாக விட மாட்டார்கள். ஷிப்ட் ஆரம்பிக்கும்போது கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி எடுக்க வேண்டும். காதில் பஞ்சு வைக்கவில்லை என்றால் சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரித் திட்டுவார். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தால் அதைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டிவிட்டுத்தான் மறுவேலை.

சேஃப்டி வாரத்தில் மாரிக்கனிக்குப் பாதுகாப்பு வாசகம் எழுதுகிற போட்டியில் இரண்டாம் பரிசு. பரிசு ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். கம்பெனி கேன்டீனில் நல்ல தண்ணீர் வரும், கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தாள். கேட்டில் செக்யூரிட்டி திறக்கச் சொன்னார்.

"இன்னாமா இது?"

"தண்ணிண்ணே."

"கம்பெனிப் பொருள் வெளிய போவக் கூடாது. ஊத்திட்டுப் போ."

எங்கள் கண் முன்னால் பூச்செடிக்கு ஊற்றினாள். அந்தச் செடி நன்றாக இருக்கிறது. இப்போதும் பூக்கிறது.

அதே வாரம் ஒரு சேஃப்டி ஆபீசர் வீட்டுப் பாதுகாப்பு என்று வகுப்பு எடுத்தார். வீட்டில் எர்த் இருக்கிறதா என்று ஓனரிடம் கேளுங்கள் என்றார். மாரிக்கனி எழுந்தாள்.

"சார், ஓனரு மோட்டாரே இல்லேங்காங்க. எர்த்த எப்படி சார் கேக்க?"

எல்லாரும் சிரித்தோம். ஆபீசரும் சிரித்தார். "நல்ல கேள்வி" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போனார்.

அந்தக் காலை

முதல் நாள் மழை. பள்ளத்தில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. ஷூ வெளியிலேயே கிடந்து நனைந்திருந்தது. மாரிக்கனி அதைக் கவிழ்த்தாள். உள்ளே இருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. அப்படியே காலை விட்டுக்கொண்டாள்.

நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "பள்ளத்துல தண்ணி நிக்குதுடி, மொண்டு ஊத்திட்டு எறங்கு" என்றேன்.

"அதுக்குள்ள குழாய்ல தண்ணி நின்னுரும்ட்டி. ஷூதான் போட்டிருக்கேன்ல்லா."

இதுதான் அவள் கடைசியாகப் பேசியது. நான் வாய் கொப்பளிக்க உள்ளே போனேன். சத்தம் கேட்டது. பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சொல்லாதது ஒன்று இருக்கிறது. ஐந்தாம் ரூம் பெண் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் வந்தால் பின்னாலேயே போலீஸ் வரும், கரண்ட் ஆபீஸ்காரர்கள் வருவார்கள். அத்தை தெருவுக்கு ஓடினாள். யாரையாவது உதவிக்குக் கூப்பிடத்தான் போகிறாள் என்று நினைத்தேன். நடுத்தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்:

"கீரேய்!"

அடுத்த வீடு கத்தியது. அதற்கடுத்த வீடு கத்தியது. தெருமுனை வரைக்கும் போனது. ஒவ்வொரு மோட்டாராக நின்றது.

மோட்டார் எல்லாம் நின்றதும், எங்கள் குழாயில் தண்ணீர் தானாக வந்தது. யாரும் உறிஞ்சாமல், யாரும் கேட்காமல், கை கனத்துக்கு விழுந்தது. நாங்கள் நாலு பேர் மாரிக்கனியைப் பள்ளத்தில் இருந்து மேலே இழுத்துக்கொண்டிருந்தோம். அவள் முகத்தில் தெறித்தது. கறுப்பு இல்லை, டீ நிறம் இல்லை. தெளிந்த தண்ணீர்.

எதிர் வீட்டு அம்மா ஒரு குடத்தைக் கொண்டுவந்து அதில் வைத்தாள். அவளைத் திட்டாதீர்கள். அவள் வைக்காவிட்டால், மாரிக்கனியை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு நான் வைத்திருப்பேன்.

நான் சொன்னது

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே மாரிக்கனியின் உயிர் போய்விட்டது. டாக்டர் கேட்டார், எப்படி விழுந்தாங்க? அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிடித்தாள் என்று அவள் மேல் பழி போட முடியாது. நாக்கு என்னுடையது.

"வலிப்பு வந்துச்சு சார்."

எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. வழுக்கி விழுந்தாள் என்று சொல்லியிருக்கலாம். அவள் கிடந்த விதம் அப்படி இருந்தது, அதனால் வந்திருக்கும். அவளுடைய வலது உள்ளங்கையில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது, கடுகு அளவுக்கு. டாக்டர் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்ட்டாக இருந்தால் மாரிக்கனி திருப்பிப் பார்த்திருப்பாள்.

மறுநாள் அவள் அப்பா வந்தார். இரண்டு பஸ் மாறி வந்தவர், முகம்கூடக் கழுவவில்லை. என்னைத்தான் முதலில் கேட்டார்.

"எம் பிள்ளைக்கு வலிப்பே கிடையாதேம்மா."

"இங்க வந்தப்புறம் ரெண்டு வாட்டி வந்துச்சுப்பா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"தெரிஞ்சா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு சொல்லல."

அவர் தலையை ஆட்டினார். "ஆமாமா, அவ அப்படித்தான். மறைப்பா" என்றார். செத்துப்போன பெண் பொய் சொன்னவள் என்று நான் சொன்னேன், பெற்றவர் நம்பினார். போஸ்ட்மார்ட்டம் என்று உடம்பை அறுக்க வேண்டாம் என்று கையைக் கூப்பினார். அறுக்காமலே கொடுத்தார்கள். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது.

கம்பெனியில் இரண்டு நிமிடம் நின்றோம். அதற்கடுத்த நாள் எல்லாரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், எனக்கு வலிப்பு நோய் இல்லை என்று. நானும் போட்டேன்.

அடுத்த தண்ணீர் முறை வந்தது. அத்தை டிரம்மில் இருந்து மோட்டாரை எடுத்தாள். ஒரு மாற்றம் உண்டு. இரண்டு ஜோடி புது ஷூ வாங்கி வைத்திருந்தாள். "இனிமே நனைச்சி வைக்காதீங்கடி" என்றாள்.

தங்கையின் போன்

மாரிக்கனியின் தங்கை பெயர் செல்வி. இதற்கு முன்னால் அவளோடு நான் பேசியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள்.

"அமுதாக்காவா? நான் மாரிக்கனி தங்கச்சி பேசுதேன். அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எங்கக்காவுக்கு வலிப்பு வந்தத நீங்க உங்க கண்ணால பாத்தீகளா?"

"ஏம்மா இப்ப?"

"எனக்குப் பேசின மாப்பிள்ள வீட்டுல வேண்டாம்னுட்டாக. குடும்பத்துல வலிப்பு இருக்காம். எனக்கும் வருமாம், பொறக்குற பிள்ளைக்கும் வருமாம். அப்பா சாப்பிடாமப் படுத்துக் கெடக்காரு. நீங்க பாத்தீகளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். பஸ் ஒன்றும் வரவில்லை.

மூன்று நாள் பொறுத்து நானே கூப்பிட்டேன். அப்பாவிடம் கொடு என்றேன். மோட்டார், வயர், ஷூ, டிரம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப எம் பிள்ள எங்கிட்ட எதையும் மறைக்கல" என்றார்.

"இல்லப்பா."

"நாந்தான் அவளத் திட்டிக்கிட்டே இருந்தேன். இத்தன நாளா. பாவி, சொல்லாமப் போனியேன்னு."

பிறகு சொன்னார்: "நான் போய்ச் சொன்னா நம்ப மாட்டாக. பெத்தவன் சொல்லத்தான் செய்வான்னுவாக. நீ எழுதிக் குடும்மா."

அத்தையிடம் சொன்னேன். "எழ்துனா இந்த வூட்டுப் படி ஏறாத" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "என்னிய ஜெயில்ல போட்டா உனக்கு இன்னாடி கெடைக்கும்?" என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாரிக்கனிக்கு அவள் அழவில்லை. என் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். இங்கே தண்ணீர் எப்படி என்று கேட்காதீர்கள்.

அப்பா, நீங்கள் கேட்டது இதுதான். இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் கொடுங்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன்: மாரிக்கனிக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்லை. குழாயில் ஓடிய கரண்ட் அடித்து அவள் செத்தாள். மோட்டாரை ஒளித்தவள் நான். பொய் சொன்னவள் நான். போலீஸ் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன். செல்வி நல்ல உடம்போடு இருக்கிற பெண். அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களோ, சர்ச்சுக்கோ, பள்ளிவாசலுக்கோ, போகிற இடத்தில் மாரிக்கனிக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். சும்மா பெயரை மட்டும் சொல்லாதீர்கள். எப்படிச் செத்தாள் என்பதையும் சாமியிடம் சரியாகச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.